வீட்டு ஆள்

எங்கள் துறையில் எனக்குப் பேயோட்டி என்று பெயர். யார் வைத்தது என்று தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன். துறைத் தலைவரைப் பற்றிப் புறம் பேசுவது நல்லதில்லை.

பல்கலைக்கழகத்தின் பொருளியல் துறையில், மூன்றாம் மாடியில், ஜெராக்ஸ் மிஷினுக்கும் கழிவறைக்கும் நடுவில் இருக்கும் அறையில் நான் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் ஒரு சர்வே நடத்துகிறோம். குலுக்கல் முறையில் எடுத்த நாலாயிரம் வீடுகள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதே நாலாயிரம் வீட்டுக் கதவையும் தட்டி, என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு சாப்பிட்டீர்கள், யார் வேலைக்குப் போனார்கள், யாருக்குக் காய்ச்சல் வந்தது என்று இரண்டரை மணி நேரம் கழுத்தை அறுப்போம். பாவம், அவர்களும் பதில் சொல்கிறார்கள். அதை வைத்து, ஒரு வீட்டில் தலைக்கு எவ்வளவு சாப்பாடு கிடைக்கிறது என்று கணக்குப் போட்டுக் கட்டுரை எழுதுவோம்.

தலைக்கு இவ்வளவு என்று சொல்ல வேண்டுமானால் முதலில் தலையை எண்ண வேண்டும். அங்கேதான் வம்பு. "உங்க வீட்ல மொத்தம் எத்தனை பேர்?" என்பது சுலபமான கேள்வி போலத் தெரியும். கேட்டுப் பாருங்கள். கடல் தாண்டிப் போய் ஒன்பது வருடமான மகனைச் சேர்ப்பார்கள். கட்டிக் கொடுத்த பெண்ணைச் சேர்ப்பார்கள். ஒரு வீட்டில் பூனையைச் சேர்த்திருந்தார்கள். வயது ஏழு, தொழில் இல்லை. இப்படி இல்லாத ஆட்களையெல்லாம் சேர்த்து வகுத்தால், நன்றாகச் சாப்பிடுகிற வீடுகூடப் பட்டினி கிடப்பதாகக் கணக்கு வரும். அதனால் ஒரு விதி வேண்டியிருந்தது. அதை எழுதியவள் நான்.

'வீட்டு ஆள்: கடந்த பன்னிரண்டு மாதங்களில் குறைந்தது ஆறு மாதம் அந்த வீட்டுக் கூரையின் கீழ் தூங்கி, அந்த வீட்டுச் சமையலைச் சாப்பிட்டவர்.' கேள்வி கேட்கப் போகிறவர்களின் கையேட்டில் ஒன்பதாம் பக்கம், கட்டம் கட்டிப் போட்டிருக்கும். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அந்த ஒரு வாக்கியம்தான். விதிக்குள் அடங்காத ஆளை எங்கள் அறையில் 'ஆவி' என்போம். ஆவிகளைக் கண்டுபிடித்து அழிக்க நான் ஒரு ப்ரோகிராம் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கோப்பின் பெயரும் பேயோட்டிதான். ஒரு தட்டுத் தட்டினால் நாற்பது நொடியில் இருநூறு ஆவி காலி. யார், எவர் என்று நான் பார்த்ததே கிடையாது. பார்க்காமல் செய்வதுதான் சுத்தமான வேலை என்று பெருமையடித்துக்கொள்வேன்.

எனக்கு ஓர் அண்ணன். ஆறு வயது மூத்தவன். லிஃப்ட் மெக்கானிக். இங்கிருந்து ரயிலில் ஆறு மணி நேரம் போனால் வரும் ஊரில், நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே இருக்கிறான். அண்ணி, ஒரே பெண், அப்பா. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஆனால் அவனிடமிருந்து போன் வரும். ஹலோ கிடையாது. "இந்த வாரம் எவன் மாட்டினான் தெரியுமா?" என்றுதான் ஆரம்பிப்பான். எந்த லிஃப்டில் யார் மாட்டிக்கொண்டார்கள், உள்ளே இருந்து என்ன கத்தினார்கள், கதவைத் திறந்ததும் என்ன சமாளித்தார்கள் எல்லாம் வரும். ஒருமுறை கல்யாணம் பேச வந்த இரண்டு வீட்டாரும் ஒரே லிஃப்டில் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார்களாம். கதவு திறந்தபோது சம்பந்தம் முறிந்துவிட்டிருந்ததாம். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டம்மா சுவரைத் தட்டினார். பதிலுக்கு நான் என் ஆவிகளைப் பற்றிச் சொல்வேன். "பூனையைக்கூடவா அழிச்சே, பாவி" என்பான்.

ஆறு வருடத்துக்கு முன்னால், முதல் சுற்று நடந்துகொண்டிருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஏய், உங்க ஆபீஸ் பொண்ணு ஒண்ணு நம்ம வீட்டுக்கு வந்துச்சு. வாரத்துக்கு எத்தனை முட்டைன்னு..." என்று தொடங்கினான்.

நான் பாய்ந்தேன். "அண்ணா, நிறுத்து. எந்த வீடு சர்வேல இருக்குன்னு எனக்குத் தெரியக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். அதைப் பத்தி எங்கிட்ட மூச்சு விடாத."

"அப்படி என்ன முட்டை ரகசியம்?"

"ஆமா. முட்டை ரகசியம்தான்."

சிரித்துவிட்டு விட்டுவிட்டான். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு எண்ணும் எனக்குத் தெரியாது. முகவரிகள் எல்லாம் வேறு அலுவலகத்தில், வேறு பூட்டுக்குள் இருக்கும். நானும் அப்படியே மறந்துபோனேன்.

இரண்டாம் சுற்றுக்கு ஆட்களைத் தயார் செய்யும் பயிற்சி நடந்த வாரத்தில் அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. திங்கட்கிழமை அண்ணன் போன் செய்தான். செவ்வாய் செய்தான். புதனும் செய்தான். "வெள்ளிக்கிழமை பயிற்சி முடியுது, அன்னிக்கே கிளம்பிடறேன்" என்று மூன்று முறையும் சொன்னேன். எதிரே அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாம் பக்கத்தை என்னை விட்டால் யாராலும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்க முடியாது என்று நான் நம்பினேன். அப்பா வியாழக்கிழமை காலை போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நான் போய் இறங்கியபோது வாசலில் அண்ணன் நின்றிருந்தான். கையில் கிரீஸ். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தவன் அதுவரை கையைக்கூடக் கழுவவில்லை. என்னைப் பார்த்தான்.

"இப்ப எதுக்கு வந்தே? இனிமே நீ இந்த வீட்டு ஆளே இல்ல."

நான் அழுதிருக்கலாம். அவனைக் கட்டிக்கொண்டிருக்கலாம். தள்ளிவிட்டு உள்ளே போயிருக்கலாம். ஆனால் மூன்று நாளாக வீட்டு ஆள் யார், வீட்டு ஆள் யார் என்று அறுபது பேருக்குக் கத்திக் கத்திப் பாடம் எடுத்த வாய் இது. மூளையைக் கேட்காமல் அதுவே சொல்லிவிட்டது.

"விதிப்படி பார்த்தா நான் ரொம்ப வருஷமாவே இல்லண்ணா. ஆறு மாசம் இருந்தாத்தான் ஆளு."

சத்தியமாக, குத்திக் காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. சொன்ன பிறகு நானே திகைத்துப் போனேன். அண்ணன் என்னை முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, ஒதுங்கி வழி விட்டான். மறுநாள் எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது மொட்டை மாடியில் இருந்தான். இறங்கி வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போன் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. எண்ணிப் பிழைக்கிறவளுக்கு எண்ணாமல் இருக்க வராது. இருநூற்று இருபத்தொரு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயிற்று.

நீயே பண்ணியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எத்தனையோ தடவை எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்திருக்கிறேன். மன்னித்துக்கொள் என்றால், எதற்கு என்று கேட்பான். வராததற்கா, சொன்னதற்கா? வராததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். சொன்னதற்கு ஒன்றும் கிடையாது. அதனால் வேறு பைத்தியக்காரத்தனம் ஒன்று பிடித்துக்கொண்டது. எந்தக் கட்டடத்தில் லிஃப்டில் ஏறினாலும், உள்ளே ஒட்டியிருக்கும் பராமரிப்பு அட்டையில் யார் கையெழுத்து என்று பார்ப்பேன். அண்ணன் ஆறு மணி நேரத் தூரத்தில் இருக்கிறான். இந்த ஊர் லிஃப்டில் அவன் கையெழுத்து எப்படி வரும்? வராது. தெரியும். இருந்தாலும் பார்ப்பேன். எங்கள் துறை லிஃப்டில் இருக்கும் கிறுக்கல் எவனுடையதோ, அவன்மேல் எனக்குக் காரணமில்லாத கோபம் உண்டு.

போன மாதம் நான்காம் சுற்று முடிந்து டேட்டா வந்து சேர்ந்தது. வழக்கம் போல ஒரு தட்டுத் தட்டியிருந்தால் வழக்கம் போலவே முடிந்திருக்கும். ஆனால் முந்தைய சுற்றுகளை வைத்து ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரை, கேள்விகளோடு திரும்பி வந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு துறைத் தலைவர் என் அறைக்கு வந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சராசரி. பரீட்சை மதிப்பெண் ஆகட்டும், மழை ஆகட்டும், மருமகன் ஆகட்டும், எதைச் சொன்னாலும் "சராசரி எவ்வளவு?" என்பார். பேயோட்டிக்கு அது சரியாய்ப் போயிற்று.

"உங்க பேய்ங்களைப் பத்திக் கேக்கறாங்கம்மா" என்றார். "ஒவ்வொரு சுற்றுலயும் இருநூறு பேரை எடுத்துட்டீங்களே, அவங்கல்லாம் யாரு, ஏன் சேர்த்தாங்கன்னு வகைப்படுத்தணுமாம். குறிப்புப் பத்தியைப் படிச்சுட்டு ஒரு அட்டவணை போட்டுடுங்க. புதுச் சுற்றுலேர்ந்தே ஆரம்பிச்சுடுங்க."

குறிப்புப் பத்தி என்பது படிவத்தின் கடைசியில் கேள்வி கேட்பவர் தன் இஷ்டத்துக்கு ஏதாவது எழுதும் இடம். நாய் கடித்தது, மின்சாரம் போனது, பதில் சொல்பவர் நடுவில் தூங்கிவிட்டார், இந்த மாதிரி. இத்தனை சுற்றில் ஒரு தடவைகூட நான் அதைத் திறந்ததில்லை.

இந்தச் சுற்றில் இருநூற்றுப் பன்னிரண்டு ஆவிகள். ஒரு டீயோடு உட்கார்ந்தேன்.

'மகன் வெளிநாட்டில். வந்து பதினோரு வருஷம் ஆச்சாம். அம்மா சேர்க்கச் சொல்லி அழுதாங்க. சேர்த்துட்டேன். மன்னிக்கவும்.'

'கணவர் எங்க இருக்கார்னு தெரியாதாம். திரும்பி வந்தா பேர் இல்லாம நிக்கக் கூடாதாம்.'

'இரட்டைப் பிள்ளைகள்ல ஒண்ணுதான் இருக்கு. ரெண்டுன்னு எழுதச் சொன்னாங்க.'

'பூனை. போன தடவையே அழிச்சுட்டாங்களாமே, எப்படி அழிக்கலாம்னு சண்டை.'

பூனைக்குச் சிரித்தேன். மற்றதற்கெல்லாம் சிரிக்க முடியவில்லை. எழுபதாவது ஆளுக்கு மேல் டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அட்டவணையில் 'வெளிநாடு', 'காணவில்லை', 'இறப்பு', 'பிற' என்று பத்தி பிரித்திருந்தேன். பாதிப்பேரை எதில் போடுவது என்றே தெரியவில்லை.

நூற்று முப்பத்து நான்காவதாக வீட்டு எண் 2318 வந்தது. பெயர்கள் எங்களுக்கு வராது. உறவு, வயது, தொழில் மட்டும்தான் வரும். வீட்டுத் தலைவர், ஆண், 53, லிஃப்ட் பழுது பார்ப்பவர். மனைவி, 48. மகள், 17. தங்கை, 47.

லிஃப்ட் பழுது பார்ப்பவர் நாட்டில் ஒருவர்தானா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய சுற்றுகளைத் திறந்தேன். முதல் சுற்றில் நாலு பேர்: தலைவர், மனைவி, மகள், தந்தை. தந்தைக்கு வயது 79. இரண்டாம் சுற்றில் தந்தைக்கு நேரே 'இறப்பு', மாதமும் வருடமும். அந்த மாதத்தை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இரண்டாம் சுற்றில்தான் முதல்முறையாகத் தங்கை வருகிறாள். அதாவது நாங்கள் வாராவாரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், முதல் சுற்றில், அண்ணன் விதிப்படி என்னைச் சேர்க்கவில்லை. நீ இந்த வீட்டு ஆளே இல்லை என்று சொன்ன பிறகு, இரண்டே மாதத்தில், சேர்த்திருக்கிறான்.

'கடந்த பன்னிரண்டு மாதத்தில் இந்த வீட்டில் எத்தனை நாள் தூங்கினார்?' இரண்டாம் சுற்றில்: 1. அந்த ஒரு இரவுதான். மூன்றாம் சுற்றில்: 0. நான்காம் சுற்றில்: 0.

'திரும்பி வருவாரா?' ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2, தெரியாது என்றால் 9. மூன்று சுற்றிலும் 1, 1, 1.

குறிப்புப் பத்திகளைப் படித்தேன். இரண்டாம் சுற்று: 'தங்கை வெளியூர். விதி சொன்னேன். விதி தெரியும், எழுதுங்க என்றார்.' மூன்றாம் சுற்று: 'தங்கையைச் சேர்க்க முடியாது என்றதற்கு எழுதுன்னா எழுதுன்னு சத்தம் போட்டார். எழுதினேன்.' நான்காம் சுற்று: 'தங்கையைச் சேர்க்கலைன்னா மற்ற கேள்விக்கும் பதில் இல்லன்னுட்டார். எங்க இருக்காங்கன்னு கேட்டேன். உங்க ஆபீஸ்லதான், போய்க் கேளுன்னார். கிண்டலுக்குச் சொல்றார்னு நினைக்கிறேன்.'

நான் எழுந்து கதவைச் சாத்தினேன்.

போன் செய்ய அவனுக்கு ரோஷம். எனக்குப் பயம். என்னிடம் வந்து சேரும் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது இந்த ஒரு படிவம்தான். அதில் மூன்று தடவை சொல்லி அனுப்பியிருக்கிறான். முதல் இரண்டு தடவையும் டீ குடித்துக்கொண்டே நான் அழித்திருக்கிறேன். நாற்பது நொடி. அவன் அங்கே உட்கார்ந்து, இவள் பார்த்திருப்பாள், இந்த வாரம் பேசுவாள், அடுத்த வாரம் பேசுவாள் என்று காத்திருந்திருப்பான். அதை நினைத்தபோது எனக்கு அவன் குரலைக் கேட்க வேண்டும் போல இருந்த ஏக்கத்தை எந்தப் பத்தியில் போடுவது என்று எனக்குத் தெரியாது. எவனோ எந்த லிஃப்டிலோ மாட்டிக்கொண்ட கதையை அவன் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். வேறு ஒன்றும் வேண்டாம்.

ஆனால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். பதில் சொன்னவர் சொன்னதை யாரிடமும், அவரிடமேகூட, பேசக் கூடாது. தெரிந்த வீடு என்று தெரிந்தால் அந்த நிமிடமே மேலே படிக்காமல் தலைவரிடம் சொல்ல வேண்டும். மேலே முழுவதும் படித்துவிட்டுத்தான் போனேன்.

"என்னம்மா, பேய் அறைஞ்ச மாதிரி இருக்கீங்க" என்றார் சராசரி.

"2318 எங்க வீடு சார்."

"நீங்க இங்கதானே குடியிருக்கீங்க?"

"எங்க அண்ணன் வீடு."

"அப்ப அண்ணன் வீடுன்னு சொல்லுங்க." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துப் போட்டார். "இது வரைக்கும் யாருக்கும் தேவைப்படல. ரெண்டு கட்டம் இருக்கு பாருங்க. உறவினர், வீட்டு ஆள். உறவினர்ல டிக் போடுங்க. அந்த வீட்டை நீங்க தொடாம இருந்தாப் போதும், வீடு சர்வேல இருக்கட்டும். வீட்டு ஆள்னாத்தான் வீட்டையே எடுக்கணும்."

"வீட்டு ஆள் சார்."

கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "போன வருஷம் எத்தனை நாள் அங்க தூங்கினீங்க?"

"ஒரு நாளும் இல்ல."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"இல்ல."

"அப்புறம்?"

"வீட்டுத் தலைவர் சொல்லியிருக்கார் சார். மூணு தடவை."

"இருநூத்திப் பன்னெண்டு வீட்ல சொல்லியிருக்காங்க. விதின்னு ஒண்ணு எழுதினீங்களே, அது மத்தவங்களுக்கு மட்டுமா?"

நியாயமான கேள்வி. முதல் சுற்றிலிருந்து இதே கேள்வியைக் கேட்டு எத்தனை பேர் வாயை அடைத்திருப்பேன்.

"சராசரிக்கு அந்த விதி சரிதான் சார்" என்றேன். பட்டப்பெயரைத்தான் சொல்கிறேனோ என்று அவர் ஒரு கணம் விழித்தார். "கணக்குக்குச் சரிதான். இந்த ஒரு படிவத்துல மட்டும் என்னால உறவினர்னு போட முடியாது. ஏற்கனவே ஒரு தடவை அதைச் சொல்லிட்டு வந்திருக்கேன். வாசல்ல நின்னு சொன்னேன்."

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் என் முகத்தில் ஏதோ பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது வேண்டிய அளவுக்கு மேல் நேரம் எடுத்தது.

"நாலாயிரத்துல ஒரு வீடு" என்றார் கடைசியில். "எடுத்தாலும் வெச்சாலும் ஒரு புள்ளியும் அசையாது. டிக் போடுங்க. கட்டுரையில அடிக்குறிப்பு ஒண்ணு சேர்த்துடுங்க. நாளைக்கு எவனும் கேள்வி கேக்கக் கூடாது பாருங்க."

வீட்டு ஆள் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். என் வேலைக் காலத்தில் தெரிந்தே நான் எழுதிய தப்பான தகவல் அது ஒன்றுதான். பேனா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. மற்ற இருநூற்றுப் பதினோரு பேரையும் அழித்தேன். அழிக்காவிட்டால் கணக்குத் தப்பாகிவிடும், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. இந்த முறை ஒவ்வொருவராகப் படித்துவிட்டு அழித்தேன். பூனையைக் கடைசியில் அழித்தேன்.

திருத்திய கட்டுரையைத் துறையின் ஆய்வு வரிசையில் அச்சிட்டுக் கையில் கொடுக்கப் பத்து நாள் ஆனது. பதினெட்டாம் பக்கம், பதினான்காம் அடிக்குறிப்பு. அண்ணன் சொன்னதை நான் பேசக் கூடாதுதான். ஆனால் அச்சான அடிக்குறிப்பை யார் வேண்டுமானாலும் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்; அதற்குத் தடை சொல்லும் விதியை நான் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ரயிலைப் பிடித்தேன்.

அண்ணிதான் கதவைத் திறந்தார். கையில் இருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு, "வா" என்றார். என்னளவு உயர்ந்துவிட்ட மருமகள் "அத்தை" என்று கூப்பிட்டுவிட்டு, கட்டிக்கொள்வதா வேண்டாமா என்று நடுவில் நின்றாள். அண்ணன் இல்லை. ஏதோ குடியிருப்பில் லிஃப்ட் நின்றுவிட்டதாம், போயிருக்கிறானாம்.

"நாலு வருஷமா ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் போனை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போவார்" என்றார் அண்ணி. "பேச்சு சத்தமே கேக்காது. கொஞ்ச நேரம் கழிச்சு இறங்கி வருவார். நான் எதுவும் கேக்கறதில்ல."

ஒரு மணி வாக்கில் படியில் அவன் காலடி கேட்டது. வலது காலைச் சற்று அழுத்தி வைப்பான், எனக்குத் தெரியும். காலடி வாசலில் நின்றது. வெளியே என் செருப்பு கிடந்தது. அவ்வளவு நேரம் ஒரு ஜோடிச் செருப்பைப் பார்க்க என்ன இருக்கிறது? பிறகு உள்ளே வந்தான். என்னைப் பார்க்காமல் நேரே குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினான், கிரீஸ் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தான். முன்னந்தலையில் முடி கொட்டியிருந்தது. அதை நான் எந்தப் படிவத்திலும் படிக்கவில்லை.

வந்து எதிரே உட்கார்ந்தான். வழி நெடுக யோசித்து வைத்திருந்த எல்லாம் காணாமல் போய்விட்டது. கட்டுரையை எடுத்துப் பதினெட்டாம் பக்கத்தைத் திருப்பி அவனிடம் நீட்டினேன். அடியில் விரலை வைத்துக் காட்டினேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படிப்பது போல வாய்விட்டுப் படித்தான். "வீட்டு எண் 2318 இந்த ஆய்விலிருந்து நீக்கப்பட்டுள்ளது. அவ்வீட்டு ஆள் ஒருவர்..." நிறுத்தினான். மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். "அவ்வீட்டு ஆள் ஒருவர் இவ்வாய்வில் பணிபுரிகிறார்."

உள்ளே அண்ணி பாத்திரத்தை வைத்த சத்தம் நின்றது.

"அப்ப அந்தப் பொண்ணு இனிமே கேள்வி கேக்க வராதா?" என்றான்.

"வராது."

"நான் சொல்லி அனுப்பினதெல்லாம் பார்த்தியா?"

"அதைப் பத்தி நான் பேசக் கூடாதுண்ணா."

"முட்டை ரகசியமா?"

"முட்டை ரகசியம்" என்றேன். அதற்கு மேல் என்னால் விதியைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியவில்லை. "படிக்காமலே அழிச்சுட்டேண்ணா. ரெண்டு தடவையும். நீதான்னு தெரியாம அழிச்சுட்டேன். அன்னிக்கு வாசல்ல சொன்னேனே, அதையும் தெரியாமத்தான் சொன்னேன்" என்று அழுதேன். நாற்பத்தேழு வயதுப் பொம்பளை, மருமகள் பார்க்கப் பார்க்க, மூக்கு ஒழுக அழுதேன்.

அண்ணன் அந்தப் பக்கத்தை மட்டும் கட்டுரையிலிருந்து பதமாகக் கிழித்தான். நாலாக மடித்துச் சட்டைப் பையில், லிஃப்ட் சாவியோடு வைத்துக்கொண்டான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கிறவன் போல வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்:

"ஆறு மாசம் இருந்தாத்தான் ஆளுன்னியே. இன்னிக்கு ஒரு நாள் ஆச்சு. எண்ணிக்கோ."

பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு எவன் மாட்டினான் தெரியுமா?" என்று ஆரம்பித்தான்.